தண்ணிமலைன்னா என்ன?

எனக்கு எதையும் எட்டிப் பார்க்கும் புத்தி. தம்பியை ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்த அன்றே அங்கிருந்த ஐஸ்பெட்டியைத் திறந்து பார்த்தேன், தலையணையை முகர்ந்தேன், குளியலறைத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்தேன். தம்பிக்கு நாற்பது வயதாகிறது. ஆட்டிசம். பேசுவது சில சொற்கள்தான். அம்மா போன பிறகு, ஷிப்டு வேலைக்கு ஓடும் என்னால் அவனைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை.

சேர்த்த கொஞ்ச நாளிலேயே போன் வந்துவிட்டது. தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறானாம், இப்படியே போனால் வைத்துக்கொள்ள முடியாதாம். வேறு எங்கே கொண்டுபோய் விடுவேன்? மற்ற இடங்களையெல்லாம் பார்த்து, மனம் ஒப்பாமல்தான் இங்கே வந்திருந்தோம்.

போய்ப் பார்த்தால், ஹாலில் முருகன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. தம்பி நெற்றி நிறைய விபூதியோடு காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"உங்க தம்பிக்கு ரொம்ப பக்திக்கா," என்றாள் அவனைக் கவனிக்கும் பெண். "எந்நேரமும் தண்ணிமலை, தண்ணிமலைங்கிறாரு. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் இல்ல லா. அதான் பாட்டாச்சும் போடுறோம். அவரு கேக்கக் கேக்க சவுண்டயும் கூட்டுறோம். அப்பவும் அடங்க மாட்டேங்கிறாரு."

அட முருகா! சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. சின்ன வயதில் தைப்பூசத்துக்குக் கூட்டிப்போனபோது, தண்ணீர்மலை முருகன் கோயிலில் உருமி மேளச் சத்தம் தாங்காமல் தரையில் புரண்டு கதறியவன் அவன். அன்றிலிருந்து அவன் வாயில் அந்தப் பெயருக்கு ஒரே அர்த்தம்தான்: போதும், நிறுத்து. அம்மா மிக்ஸியைப் போட்டாலும் தண்ணீர்மலைதான்.

"மொதல்ல அத அடைங்கம்மா! நிறுத்துன்னு கெஞ்சுறான், நீங்க கூட்டிக்கிட்டே போறீங்க!" என்று கத்தினேன்.

ஓடிப்போய் அடைத்தாள். திரும்பி வந்து அவனுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். அவன் கை மெல்லக் காதிலிருந்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வேற என்னென்ன சொல்வாருக்கா? பசிச்சா? வயிறு வலிச்சா? சந்தோசமா இருந்தா?"

கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். குடைவதில் எனக்கே அக்காவாக இருந்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

அடுத்த மாதம் போனபோது தம்பிக்குக் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. சுவரில் மோதுவது நின்றிருந்தது. டிவி இரைந்தால் பக்கத்துக் கட்டில் சீனப் பெரியவர்கூட "தண்ணிமலை லா!" என்று கத்துகிறாராம். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாப்பிட்டாயா, ஏன் நகம் வெட்டவில்லை, இந்தச் சட்டை யாருடையது என்று மூச்சுவிடாமல் பேசினேன். "ரெண்டு நாள் லீவு போட்டிருக்கேன்டா, அக்காகூட வீட்டுக்கு வர்றியா?"

அவன் என்னை நேராகப் பார்த்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"தண்ணிமலை."

அந்தப் பெண் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இரண்டையும் சத்தமில்லாமல் அடக்கிக்கொண்டு, அவனுக்குச் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தேன்.