தாவரவியல் துறைக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னவர்கள்

போன புதன்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு யூனிவர்சிட்டி கமிஷன் வந்தது. தாவரவியல் டிகிரி வகுப்பு தொடரலாமா, மூடிவிடலாமா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். குறிப்பெடுக்கும் வேலை தமிழ் வாத்தியாரான என் தலையில் விழுந்தது.

வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் சமஸ்கிருதப் பண்டிதர். இரண்டாமவர் ரிட்டயரான எஞ்சினீயர். மூன்றாமவர் என்ன படித்தவர் என்று தெரியவில்லை... கடைசிவரை அவர் வாயைத் திறக்கவே இல்லை.

தாவரவியல் தலைவர் ஞானாபரணம் சார் அன்று காலையில் காப்பிகூடக் குடிக்கவில்லை. குலசேகரத்துக்கு மேலே மலைக்காடுகளில் ஐந்து வருஷம் அட்டைக்கடி பட்டுச் சேர்த்த செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, இரண்டு பீரோ நிறைய வைத்திருக்கிறார். வகுப்பை மூடினால் பீரோ இரண்டும் பழைய சாமான்களோடு கிட்டங்கிக்குப் போகும். அவர்?

பண்டிதர் பீரோவைத் திறந்தார். ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். முகம் வாடியது.

"எல்லாம் உணங்கிப் போயல்லோ. வெள்ளம் ஒழிக்கிறதில்லையா?" தண்ணீர் ஊற்றுவதில்லையா என்று கேட்கிறார்.

"உணக்கிக் காயவச்சுத்தான் சார் வைக்கணும்."

பண்டிதர் என்னைப் பார்த்தார். குறித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று புரிந்தது. குறித்துக்கொண்டேன் — வேறென்ன செய்ய?

வெளியே வந்தோம். பௌதிக லேபுக்குப் பின்னால் அட்டெண்டர் தங்கையன் போட்ட புடலம்பந்தல். காய்கள் வளையாமல் நீள, நுனியில் கல் கட்டுவது ஊர் வழக்கம். தங்கையன் கல்லுக்குப் பதில் லேபிலிருந்த பித்தளை எடைக்கற்களைக் கட்டியிருந்தார். வெயிலில் பளபளவென்று தொங்கின.

கமிஷன் அப்படியே நின்றுவிட்டது.

"ஆஹா, இதல்லவா ஆராய்ச்சி! தாவரவியல் துறையுடையதா?" என்றார் எஞ்சினீயர்.

நான் ஞானாபரணத்தின் காதில் சொன்னேன்: "ஆமான்னு சொல்லும் வே. துறை பிழைச்சிரும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இல்ல சார். இது பிசிக்ஸ் டிபார்ட்மெண்டுக்க பந்தலு. ஆராய்ச்சி ஒண்ணும் இல்ல, அவியலுக்குள்ள காய்."

அந்த எடைக்கற்களை ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பௌதிகத் தலைவரும் எங்களோடு நின்றார்; ஒரு கணம் திகைத்தார். ஒரே ஒரு கணம்தான். "புவியீர்ப்பை நாங்க இப்படித்தான் சார் பாடம் எடுக்கோம்" என்றார்.

தங்கையனிடம் எஞ்சினீயர் விவரம் கேட்டார். "அம்பது கிராம் போதும் சாரே. நூறு கெட்டினா காய் அந்து விழுந்திரும்" என்றார் தங்கையன். எஞ்சினீயர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மத்தியானம் பெற்றோர்களின் முறை. வந்தது ஒரே ஒருவர் — கோட்டாற்றுக் கருப்பட்டி வியாபாரி. மகன் இரண்டாம் வருஷம்.

"டிபார்ட்மெண்டால பையனுக்கு என்ன குணம், என்ன பிரயோஜனம்?" என்று கேட்டார் பண்டிதர்.

வியாபாரி நன்றாக யோசித்தார். "முன்னெல்லாம் கீரைன்னா தொடமாட்டான். இப்ப ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீசுல ஒரு பேரு சொல்லிட்டுத் திங்கான். அவனுக்க அம்மைக்கு ரொம்ப சந்தோசம்."

இதைக் குறித்துக்கொள்ளும்படி யாரும் சொல்லவில்லை. நானே குறித்துக்கொண்டேன்.

முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது. பௌதிகத் துறைக்கு மிகுந்த பாராட்டு, கூடுதலாக ஒரு லெக்சரர். தாவரவியல் துறை செடிகளுக்கு ஒழுங்காகத் தண்ணீர் விடுவதில்லை. ஆனாலும் மாணவர்கள் இங்கிலீசில் பேர் சொல்லிக் கீரை சாப்பிடும் அளவுக்கு உணவுப் பழக்கம் திருந்தியிருப்பதால் மேலும் ஒரு வருஷம் நடத்தலாம்.

ஆத்திரத்தோடு காகிதத்தை ஞானாபரணத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாக இரண்டு தடவை வாசித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இங்கிலீசுப் பேரு இல்ல வே, அது லத்தீனாக்கும். அதிருக்கட்டும்... அந்தப் பய சொன்ன பேரெல்லாம் சரியா இருந்துதா?"

என் குறிப்பைப் புரட்டினேன்; ஒரு பேர்கூட எழுதியிருக்கவில்லை. கமிஷன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது.