முதல் மிதி

உங்கள் மாமா செருப்புக் காலோடு பஸ் ஓட்டி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஏறி உட்கார்ந்ததும் இரண்டு செருப்பையும் கழற்றி ஆசனத்துக்கு அடியில் தள்ளிவிடுவார். எஞ்சினை இயக்கி, பிரேக்குக்கான காற்று தாங்கியில் நிரம்பும்வரை பொறுத்திருந்து, வெறுங்காலால் பிரேக்கை ஒருதரம் மிதித்துப் பார்ப்பார். மிதிக்கும்போது தலையைக் கொஞ்சம் சரித்துக்கொள்வார், யாரோ காதுக்குள் ரகசியம் சொல்வதைக் கேட்கிறவர்போல. அதற்குப் பிறகுதான் கியரைப் போடுவார். கேலி பண்ணினால், "செருப்பு பொய் சொல்லும் மச்சான், உள்ளங்கால் சொல்லாது" என்பார். நானும் அதைச் சொல்லிச் சொல்லிப் பலரிடம் சிரித்திருக்கிறேன். அந்தக் காலை வைத்து நான் சிரித்த ஒரு சிரிப்பைப் பற்றித்தான், பிள்ளைகளே, இதை உங்களுக்கு எழுதுகிறேன். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராமல் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோமே, அந்தக் காலம். நம் ஊர் ஹாஜியார் ஒருவரிடம் நான்கு பழைய பஸ்கள் இருந்தன. மூன்று கரையோரம் ஓடுபவை, அக்கரைப்பற்று, பொத்துவில், மட்டக்களப்பு என்று. நான்காவதை உங்கள் மாமா மலையிலுள்ள நுவரெலியாவுக்கு ஓட்டினார். பகலில் ஏறிப்போய், அங்கே தங்கி, விடிந்ததும் ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்குவார். நான்கு பஸ்ஸுக்கும் ஒரே நேரத்தில் ஒரே வருத்தம் வந்தது. பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் வளையங்கள் நம் உப்புக் காற்றில் துருவேறி ஒடிந்துகொண்டிருந்தன. கொழும்பில் தேடியும் கிடைக்கவில்லை. ஹாஜியார் என் லேத் கடைக்கு வந்து, ஒடிந்த வளையம் ஒன்றை மேசையில் போட்டு, "இதச் செய்யேலுமா?" என்று கேட்டார். "ஓம் ஹாஜியார், ஏலும்" என்றேன். யோசித்துச் சொன்ன பதிலல்ல அது.

அந்த வளையம் என்ன செய்கிறதென்று உங்களுக்கு விளங்கினால்தான் மற்றது விளங்கும். டிரைவர் பிரேக்கை மிதித்ததும் காற்று சிலிண்டருக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் போய்ச் சக்கரத்தின் பிரேக்கை இறுக்கும். காற்று பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு தப்பிப் போகாமலிருக்க, அதன் முகத்தில் ரப்பர்க் கிண்ணம் ஒன்று பூட்டியிருக்கும். கிண்ணத்தின் விளிம்பு சிலிண்டரின் சுவரைத் தொட்டபடி இருக்கவேண்டும். உள்ளேயிருந்து அந்த விளிம்பை வெளியே தள்ளிக்கொண்டிருப்பதுதான் வளையம். வாய் திறந்த காப்புப் போலிருக்கும். காற்றை அடைப்பது வளையமல்ல. காற்று நிறைந்துவிட்டால் அதுவே விளிம்பைச் சுவரோடு அமுக்கிவிடும். காற்று வந்து சேரும் முதல் கணத்தில் விளிம்பு சுவரை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வளையத்தின் வேலை. அந்தக் கணத்தில் நூலளவு இடைவெளி இருந்தாலும் காற்று அதன் வழியே போய்விடும்.

மர ஆலையில் கழித்துப் போட்ட வாளலகை வாங்கி, மெல்லிய பட்டையாக வெட்டி, உருளையில் சுற்றி வளைத்தேன். முதலில் செய்தவை பலம் கூடிப் போயின. விளிம்பு சுவரை இறுக்கிப் பிடித்ததில் பிஸ்டன் திரும்பி வர மறுத்தது, பிரேக் விடாமல் உரசி, பக்கத்திலிருக்கும் நிந்தவூர் போவதற்குள் சக்கரம் கொதித்துத் தீய்ந்த மணம் வந்தது. பட்டையை இன்னும் மெலிதாக்கினேன். வளையத்தின் வாயைக் கொஞ்சம் அகட்டினேன். பிறகு ஒரு சிலிண்டரை மேசையில் பூட்டி, சவர்க்கார நுரையைத் தடவி, பன்னிரண்டு நாள் காற்றை அடித்து அடித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட எழும்பவில்லை. நம் ஊரில் மாரி மழைக்குள்ளும் ஆளுக்கு வேர்க்கும். அந்த மேசைக்கு முன்னால் நின்று, குளிர் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று நான் ஒருதரமும் நினைக்கவில்லை. நான்கு பஸ்ஸுக்கும் போட்டுக் கொடுத்தேன். மிஞ்சிய வளையம் ஒன்றை வருகிறவர்கள் காண்பதற்காகக் கடை வாசலில் ஆணியடித்துத் தொங்கவிட்டேன்.

தை மாதத்து விடியற்காலை. சுபஹு தொழுதுவிட்டு வந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் கையில் போனைப் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். "உங்கட மச்சான் என்னமோ கதைக்கான், நீங்களே கேளுங்க" என்று சத்தத்தைக் கூட்டி நீட்டினார்.

"மச்சான், இஞ்ச வாயால புகை வருது" என்றார் உங்கள் மாமா. "உங்கட வளையத்துக்கும் குளிருது போல. முதல் மிதிக்குப் பிரேக் பிந்திப் பிடிக்குது. உஸ்ஸெண்டு ஒரு சத்தம். ரெண்டாவது மிதிக்கு நல்லாப் பிடிக்குது. கொஞ்சநேரம் விட்டுட்டு மிதிச்சாத் திரும்பவும் பிந்துது."

"வளையத்துக்கு என்னடா குளிர்? உன்ட கால் விறைச்சிருக்கும். செருப்பைப் போட்டு மிதி" என்றேன்.

ஹாஜியார் சிரித்தார். அவர் சிரிக்கிறாரே என்று நானும் சிரித்தேன்.

"கால் விறைச்சா ரெண்டாவது மிதியும் பிந்தணுமே மச்சான்."

எனக்குக் கோபம் வந்தது. "மத்த மூணு டிரைவர்மாரும் ஒண்டும் சொல்லல்ல. பயமெண்டாப் பயமெண்டு சொல்லன்!" என்று கத்தினேன். மற்ற மூன்று பேரும் கடற்கரைச் சூட்டில் ஓட்டுகிறவர்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"ஓம் மச்சான், பயம்தான்" என்றார் அவர். "பின்னால நாப்பது பேர் இரிக்காங்க. நான் பஸ்ஸ மலையால இறக்கல்ல."

ஏறியிருந்தவர்களை பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னார். பெட்டியும் பிள்ளையுமாகக் குளிரில் நின்றவர்கள் அவருடைய தாய் தகப்பன் வரைக்கும் ஏசினார்களாம். ஹாஜியார் இங்கிருந்து வேறொரு டிரைவரை அனுப்பினார். அவர் போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பஸ்ஸை எடுத்து, ஒரு குறையும் இல்லாமல் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். உங்கள் மாமா அதே பஸ்ஸில் கடைசி ஆசனத்தில் பயணியாக இருந்து வந்தார். அடுத்த நாள் ஹாஜியார் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அந்த வாரமே பஸ் நிலையத்தில் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: அரைவழி.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வி எனக்குள் கிடந்து குத்திக்கொண்டே இருந்தது. கால் விறைத்தால் இரண்டாவது மிதியும் பிந்தவேண்டுமே. இரண்டு கிழமை கழித்துச் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போனபோது, மீனவர் ஒருவர் பெட்டிக்குள் ஐஸை உடைத்துக் கொட்டி உப்புத் தூவிக்கொண்டிருந்தார். மீனை வாங்காமலே திரும்பி வந்து, சோதனைச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன காக்கா, இரும்பையும் அறுக்குளா மீன் எண்டு கொழும்புக்கு ஏத்தப் போறீங்களா?" என்று கேட்டார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் பெட்டி ஒன்றைத் தந்தார். ஐஸுக்குள் புதைத்த சிலிண்டரைப் பெட்டியோடு ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். பின்னேரம் அசருக்குப் பாங்கு சொல்லும்வரை அப்படியே விட்டேன். பிறகு நுரையைத் தடவிக் காற்றைத் திறந்தேன்.

உஸ்ஸென்றது. வளையத்தின் வாய் இருந்த பக்கம் நுரை பொங்கி வழிந்தது. காற்றை மூடித் திரும்பத் திறந்தேன். ஒரு குமிழியும் இல்லை. மீண்டும் ஐஸுக்குள் வைத்து மீண்டும் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் முதல் காற்று தப்பியது, இரண்டாவது நின்றது. குளிரில் ரப்பர் விறைத்துச் சுருங்கி, சுவரை விட்டு விலகுகிறது. விலகும் விளிம்பை என் வளையம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தள்ளவில்லை. வாய்க்கு எதிர்ப்பக்கம் பலமாகவும், வாயின் இரண்டு முனையிலும் சோர்ந்தும் தள்ளியது. முதல் காற்று அமுக்கியதும் விளிம்பு சுவரோடு ஒட்டிக்கொள்வதால்தான் இரண்டாவது தப்பவில்லை. என்னுடைய மேசையில் பன்னிரண்டு நாளில் தெரியாதது அவருடைய உள்ளங்காலுக்கு ஒரு மிதியில் தெரிந்திருக்கிறது.

வளையத்தைப் புதிதாக யோசித்தேன். பட்டையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வெட்டினேன், ஒவ்வொரு பல்லும் தன் இடத்தைத் தானே தள்ளும்படி. வாயின் இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி செய்தேன். ஐஸுக்குள் மூன்று நாள் வைத்துப் பார்த்தும் குமிழி வரவில்லை. நான்கு பஸ்ஸுக்கும் பழையதைக் கழற்றிப் புதியதைப் போட்டேன். ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஹாஜியார் கேட்டார். "இது பழையத விடக் கூடின நாளைக்கு நிக்கும்" என்றேன். அதில் பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மாமாவிடம் மட்டும் போய்ச் சொன்னேன். வாடகைக்கு எடுத்த ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப என்ட கால் இன்னும் மௌத்தாகல்ல, உசிரோடதான் இரிக்கு" என்று சிரித்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றியபடி, "ஹாஜியாரிட்டச் சொல்லிட்டீங்களா?" என்றார். "சொல்றன்" என்றேன். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி என்னிடம் கேட்டதேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. அப்போது பொத்துவிலிலிருந்தும் அட்டாளைச்சேனையிலிருந்தும் வளையம் செய்யச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் போட்டது பிழை என்று தெரிந்தால் வருவார்களா? நாளைக்குச் சொல்லலாம், பெருநாள் கழியட்டும் என்று இருந்தேன். பெருநாள்கள் கழிந்தன.

நீங்களும் அவரை அரைவழி மாமா என்றுதான் கூப்பிட்டீர்கள். உங்களில் குற்றமில்லை, தெருவில் கேட்டதைச் சொன்னீர்கள். உங்களுக்கு வாங்கிய டொபி இனிப்புப் பையோடு வாசலில் நின்று, "அரைவழி மாமா முழுவழியும் வந்திட்டன்" என்று அவரே சிரிப்பார். நான் உள்ளே சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். அந்தச் சோறு தொண்டைக்குள் இறங்கியதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் அவர் நெஞ்சுவலியில் மௌத்தானார். அவருக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை, பிள்ளைகள் சிறுசுகள். ஜனாஸாத் தொழுகைக்கு வரிசை கட்டியதும், குடும்பத்தில் மூத்தவன் என்று என்னை முன்னால் விட்டார்கள். வழக்கப்படி நான்தான் கேட்டேன்: "இவர் ஆருக்கும் ஏதும் குத்தம் செஞ்சிருந்தா, மனம் நோகப் பண்ணியிருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க."

இரண்டாம் வரிசையிலிருந்து ஹாஜியார் குரல் எடுத்துச் சொன்னார்: "மலையில என்ட பஸ்ஸ உட்டுட்டு நிண்டத நான் மன்னிச்சிட்டன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இமாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிவிட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான் நிற்க, மன்னிக்கவேண்டியவருக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொழுதேன். அந்தத் தொழுகையில் என்ன ஓதினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓத எல்லாரும் மாமா வீட்டில் கூடியிருந்தார்கள். ஹாஜியாரும், டிரைவர்மாரும், பள்ளிவாசல் ஆட்களும் பாயில் இருந்தார்கள். துஆவுக்கு முன்னால் நான் எழுந்து நின்றேன். ஐஸ் பெட்டியில் கண்டதைச் சொன்னேன். வளையம் பிழை, அவர் நிறுத்தியது சரி, அது தெரிந்தும் இத்தனை காலம் மூடிவைத்தேன் என்று சொன்னேன்.

ஹாஜியார் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நான் உங்கட சொல்லத்தானே நம்பினன்" என்றார் கடைசியில். பிறகு, "அண்டைக்குப் பள்ளியில மன்னிச்சிட்டன் எண்டு சொன்னன். அத இப்பத் திருப்பி எடுக்கிறன். மன்னிக்க அங்க என்ன இரிந்திச்சு?"

வாசலோரம் இருந்த ஒருவர் தொண்டையைச் செருமினார். அன்றைக்கு வெயிலில் பஸ்ஸை இறக்கிக்கொண்டு வந்த டிரைவர்.

"காக்கா, நீங்க வளையம் மாத்துற வரைக்கும் அந்த பஸ்ஸ நான்தானே ஓட்டின. விடியப்புறத்தில முதல் மிதி எனக்கும் பிந்தித்தான் பிடிச்சிச்சு. ஒருநாள் வளைவில மண்மேட்ட உரசித்தான் நிண்டன். சொன்னா எனக்கும் அந்தப் பேர வெச்சிருவாங்க எண்டு வாயத் திறக்கல்ல. ஆக்கள ஏத்திக்கொண்டு, பிஸ்மி சொல்லிச் சொல்லி இறக்கின." தலையைக் குனிந்துகொண்டார். "நான் அவரிட்ட மாப்புக் கேக்கணும். இனி ஆரிட்டக் கேக்கிற?"

நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகளே. அந்தப் பெயரை இனிச் சொல்லாதீர்கள் என்று உங்களை அதட்டுகிற தகுதியும் எனக்கில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். மாமாவின் பிள்ளைகள் இதை விளங்கிக்கொள்ளும் வயதுக்கு வந்ததும், அவர்களைக் கூப்பிட்டு இருத்தி, இந்தத் தாள்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நான் உயிரோடு இருந்தால், என்னையும் பக்கத்தில் இருத்திவைத்து வாசியுங்கள்.