பேசப் பேசத்தான் மார்க்

ஆவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்துவிட்டேன். இந்த இணையக் குழுவில் உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அக்கா பிலோமினா நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வு இன்று. கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றும் நன்றாகவே போயின. நான்காவது, அதிகாரி எதிரில் உட்கார்ந்து பேசுவது. ஒவ்வொன்றுக்கும் தனி மார்க். ஒன்றில் குறைந்தாலும் வேலை இல்லை.

"என்னக்கா கேட்டாங்க?"

"உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்கன்னாரு."

அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை வரும் ஞாயிறுதான்.

"நீ என்ன சொன்னே?"

"'ஷீ வாஸ் வெரி குட், சார்'னேன். அவரு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. பெரியவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுன்னுதானே அம்மா வளத்தாங்க? தலையைக் குனிஞ்சு உக்காந்துட்டேன்."

அங்கே பேசப் பேசத்தான் மார்க். அவளுக்கும் அது தெரியும்.

திரும்பி வரும் பஸ் பாடி நிறுத்தத்தைத் தாண்டியதும் ஆரம்பித்தாள். குவார்ட்டர்ஸ் குழாயடியில் அம்மா போட்ட சண்டைகள், நர்சிங் சேர்ந்தபோது ராத்திரியெல்லாம் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சீருடை, ஆஸ்பத்திரியில் "என் பொண்ணுதான் ஊசி போடணும்" என்று பிடித்த அடம். எல்லாமே ஆங்கிலத்தில். கண் வழிந்துகொண்டிருந்தது, பேச்சு நிற்கவில்லை.

"இன்னாம்மா, ஆவடி வந்துட்ச்சு, எறங்கலையா?" என்றார் கண்டக்டர்.

அந்த பஸ்ஸில் மார்க் போடுகிறவர் யாராவது வந்திருந்தால், தயவுசெய்து பதில் எழுதுங்கள்.