சிசிலியம்மாவின் படச்சுருள்

அந்தத் தகர டப்பாவைத் திறந்ததும் ஒரு நெடி மூக்கில் ஏறும். பேட்டரி ஆசிட்டை வெயிலில் காய்ச்சியது போலக் கண்ணைக் கரிக்கும். சிசிலியம்மாவுக்கு மட்டும் அது உறைக்காது. சுருளின் நுனியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "பாருடி, குதிரை மேல குந்திகினு கீறது நான்தான்" என்பார்.

ராயபுரத்தில், துறைமுகச் சுவரை ஒட்டிய எங்கள் ‘லைன் வூட்டில்’ அவர் மூன்றாவது அறை, நாங்கள் நான்காவது. எனக்கு அப்போது பத்து வயது. அஞ்சாங்கிளாஸோடு என் படிப்பு நின்றது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது. இன்று எண்ணூர் சாலையில் என் பெயர் எழுதிய பதினோரு டிரெய்லர் ஓடுகிறது, கோட்டு போட்ட மேனேஜர்கள் என் மேஜைக்கு முன்னால் நின்றுதான் பேசுகிறார்கள்.

சிசிலியம்மா மீனவர் வீட்டுப் பெண். பேசாத படக் காலத்தில், கடற்கரையில் படம் பிடிக்க வந்தவர்கள், படகிலிருந்து குதிக்கப் பயந்து அழுத நடிகைக்குப் பதிலாக இவரைக் குதிக்கச் சொன்னார்கள். அடுத்த படத்தில் இவரே கதாநாயகி. வேறு பெயர் வைத்தார்கள், குதிரை ஏற்றினார்கள், கத்தி கொடுத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் ஒருவன் நின்று கதையைக் கத்திச் சொல்ல, கூடாரம் கொள்ளாத கூட்டம் மண் தரையில் உட்கார்ந்து இவரைப் பார்த்தது. பிறகு படம் பேச ஆரம்பித்தது. மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்களாம். "எங்க நின்னுகினு பேசணும் நைனா" என்று இவர் கேட்டதும் அத்தனை பேரும் சிரித்தார்களாம். அதோடு, கையில் மிஞ்சிய இந்த ஒரு சுருளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரையிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோதெல்லாம் இனித்த பெண், வாயைத் திறந்ததும் கசந்துவிட்டாள். அதே மெட்ராஸ் பேச்சைப் பின்னால் சிரிப்பு நடிகர்கள் வாயில் போட்டு ஊரையே சிரிக்க வைத்தார்கள் இந்தச் சினிமாக்காரர்கள். இன்றும் டிவியில் அதைக் கேட்டால் ரிமோட்டைத் தூக்கி எறியத் தோன்றுகிறது.

அப்புறம் அவருக்குக் கிடங்கில் கிழிந்த கோணி தைக்கும் வேலை. குழாயடியில் பெண்கள் அவரைச் சும்மா விடமாட்டார்கள். "இவ ஈரோயினாம். அப்ப நான் இங்கிலாந்து ராணி, தள்ளு, கொடத்தை வைக்கணும்" என்பார்கள். சிசிலியம்மா பதிலுக்கு, "ராணிம்மா, மொதல்ல கொடத்து ஓட்டையை அட" என்பார். ஆனால் உள்ளே வெந்துகொண்டிருந்தார் என்பது பக்கத்து அறையிலிருந்த எனக்குத் தெரியும்.

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்குத் திரை கட்டிப் படம் காட்ட, திருவொற்றியூர்க் கொட்டகையிலிருந்து ஆபரேட்டர் ஒருவர் வருவதாக ஏற்பாடு. சிசிலியம்மா போய்க் கெஞ்சியதில், இந்த ஒரு சுருளையும் முதலில் ஓட்டித் தருகிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். "இந்த ஞாயித்துக்கெயமை குழாயடியே வாயைப் பொளந்துகினு பாக்கும்டி" என்று சிசிலியம்மா என்னிடம் சொன்னார். அவர் அறைக்குத் தகரக் கூரை, எங்களுக்கு ஓடு. வெயிலில் சுருள் கெட்டுவிடும் என்று, டப்பாவை ஈரக் கோணியில் சுற்றி எங்கள் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

என் அப்பா ஹார்பர் கூலி. படச்சுருள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். "அந்தப் பீடை எரிஞ்சா லைனே பூடும். எடுத்துப் போய்ப் போட்டுட்டு வா" என்றார். ஞாயிறுவரை பொறு நைனா என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. வாசலில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டி நின்றது. வண்டிக்காரர் டப்பாவைத் திறந்து, "இதக் கழுவினா வெள்ளி வரும், வண்ணாரப்பேட்டைல எடுத்துக்குவாங்கோ" என்று சுருளைச் சாக்கில் திணித்தார். என் பாவாடை மடி நிறையப் பழம் போட்டார். கொட்டையைத் துப்பித் துப்பி, ஒன்று மிச்சமில்லாமல் தின்றேன்.

சாயங்காலம் சிசிலியம்மா வந்து பானைக்குப் பின்னால் பார்த்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். "உன் நல்லதுக்குத்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார். என் விரலெல்லாம் பிசுபிசுத்தது. சிசிலியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்து, "பழம் நல்லா இருந்திச்சா?" என்று கேட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பேன். திருவிழாவில் வேறு ஏதோ படம் ஓடியது. அவர் வரவில்லை. குழாயடி மறுநாளும் சிரித்தது, அவர் சாகும்வரை சிரித்தது.

லைன் வீடுகள் போய்விட்டன. அங்கே இப்போது கன்டெய்னர் அடுக்கியிருக்கிறது. போன மாதம், பழைய நடிகைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிற பையன் ஒருவன் என் ஆபீசுக்கு வந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு போட்டோ, ஒரு நோட்டீஸ்? எதுவும் இல்லாம பேரைப் போட முடியாது மேடம்" என்றான். என் கண்ணால் அந்தச் சுருளைப் பார்த்தவள் சொல்கிறேன், எழுதுடா என்று மேஜையைத் தட்டினேன். கிரேனையே நிறுத்திவைக்கிற என் குரலுக்கு அவன் பேனா அசையவில்லை. கடைசியில், அந்தச் சுருளைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். அதை மட்டும் உடனே எழுதிக்கொண்டான், என் முழுப் பெயரையும் இனிஷியலையும் சரிபார்த்து.