ஒரு காலில் வெள்ளை, ஒரு காலில் நீலம்

ஆர்லிஸுக்கு வெள்ளை ஷூ பிடித்திருந்தது. அவளுடைய இடது குதிகாலுக்கு நீல ஷூ பிடித்திருந்தது. நாத்தனார் வெர்னா போட்டுக்கொண்டு திரிவதும் அதே நீல ஷூ என்பதுதான் வில்லங்கம்.

இரண்டுமே தடித்த அடி வைத்தவை. ஒவ்வொரு காலுக்குக் கீழேயும் ஒரு முழு ரொட்டியைக் கட்டிக்கொண்டு நடப்பது போலிருக்கும். ஒரு காலத்தில் இதைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வந்திருந்தால் பாட்டுக்கு நடுவிலேயே சிரித்திருப்பார்கள். இப்போது எங்கள் ஊரில் அறுபது தாண்டியவர்கள் முக்கால்வாசிப் பேர் காலில் இதுதான். வெள்ளை, கால் வைத்த இடத்தில் மெத்தென்று அமுங்கும். நீலம் கொஞ்சம் விறைப்பு. அதன் அடிப்பாகம் தொட்டில் கால் போல வளைந்திருக்கும். குதிகாலை வைத்தால் போதும், அதுவே முன்னால் உருட்டித் தள்ளிவிடும்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் சிமெண்டுத் தரையில் நின்று பிள்ளைகளின் தட்டுகளை நிரப்பியவள் ஆர்லிஸ். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் தரை குதிகால் வழியாக மேலே ஏறிவர ஆரம்பித்தது. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் அடியில் உயிர் போய் உயிர் வரும். கால் டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். "நல்ல தடிமனான ஷூவா வாங்கித் தினமும் நடங்க. பனி உருகற வரைக்கும் பாப்போம். குறையலைன்னா கத்தி வெச்சுதான் ஆகணும்" என்றார்.

கத்திக்குக்கூட அவள் பயப்படவில்லை. அதற்குப் பின்னால் அரிசோனா இருந்தது. புருஷன் லைல் செத்த அன்று, பாதிரியார் பக்கத்தில் நிற்க, மகன் கர்ட்டுக்கு அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். நடை போனாலோ புத்தி போனாலோ, மறுபேச்சு இல்லாமல் அரிசோனாவில் இருக்கும் அவன் வீட்டுக்கு வந்துவிடுவதாக. துக்கத்தில் சொன்னதுதான். ஆனால் ஆர்லிஸ் வாக்கு மாறுகிறவள் இல்லை. அரிசோனாவில் என்ன இருக்கிறது? வெயில் இருக்கிறது, கள்ளிச்செடி இருக்கிறது, காபியில் பாதாம் பாலை ஊற்றிக் கொடுக்கும் மருமகள் இருக்கிறாள். ஏரியைப் பார்த்த மேட்டு வீட்டையும் அதன் செங்குத்தான மாடிப்படியையும் விட்டுவிட்டு அங்கே போய் உட்காருவதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வீட்டில் பிறந்தவள் வெர்னா, லைலின் அக்கா. அதில் வாழ வந்தவள் ஆர்லிஸ். அவர்கள் அப்பா, வீட்டைத் தன்கூடவே இருந்த மகன் லைலுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி வெர்னா ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் தேவலை. நவம்பரில் குடும்பமெல்லாம் கூடும் நன்றி நாள் விருந்துக்கு வந்தால் அலமாரிக் கதவுகளைத் திறந்து திறந்து பார்ப்பாள். "அம்மா இருந்தப்ப இங்க நல்ல வெளிச்சம் இருந்தது" என்பாள். அவ்வளவுதான். நாற்பது வருஷத்துப் பகையில் குரல் உயர்ந்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் மின்னசோட்டாக்காரர்களான எங்களுக்கு வாய்ச்சண்டை வராது. ஒருவரை நார் நாராகக் கிழிக்க வேண்டுமானால், "அது ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொல்வோம். கேட்டவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

குளிர்காலம் முழுக்க இரண்டு பேரும் ஷாப்பிங் மாலில்தான் நடந்தார்கள். கடைகள் திறக்குமுன்பே, எங்களைப் போல் நடக்கிறவர்களுக்காகக் கதவைத் திறந்துவிடுவார்கள். ஷட்டர் போட்ட கடைகளை ஒட்டிச் சுற்றிச் சுற்றி வர வேண்டியது. வெர்னாவும் ஆர்லிஸும் சேர்ந்து நடந்ததில்லை. ஒருத்தியை ஒருத்தி தாண்டிப் போவார்கள், அவ்வளவுதான். தாண்டும்போது ஒரு புன்னகை. பாலைப் பக்கத்தில் வைத்தால் திரிந்துபோகும், அப்படிப்பட்ட புன்னகை.

மாலிலேயே ஓட்டக்காரர்களுக்கான ஷூ கடை ஒன்று உண்டு. அங்கே ஜினா என்று ஒருத்தி. நியூ ஜெர்சியிலிருந்து வந்தவள். நினைத்ததை அப்படியே சொல்லிவிடுகிற வியாதி அவளுக்கு.

"எது பிடிச்சிருக்கு?" என்று இரண்டையும் போட்டுப் பார்த்த ஆர்லிஸிடம் கேட்டாள்.

"வெள்ளை அழகா இருக்கு" என்றாள் ஆர்லிஸ்.

"அழகு கெடக்கட்டும். குதிகால் என்ன சொல்லுது?"

"நீலத்துல வலி கொஞ்சம் அடங்குது. ஆனா அத ஏற்கெனவே ஒருத்தர் போட்டிருக்காங்க."

"ஊர்ல பாதிப் பேர் போட்டிருக்காங்க."

"என் நாத்தனார் போட்டிருக்கா."

ஜினா அட்டைப்பெட்டியை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க காலுக்கு ஷூ வாங்கறீங்களா, நாத்தனாருக்கு வாங்கறீங்களா?"

ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடை மூலையில் ஓடும் மெஷின் மேல் ஒல்லியான ஆள் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். அவன் வலது காலில் சிவப்பு ஷூ, இடது காலில் பச்சை ஷூ.

"அவனுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மாரத்தான் ஓடறவங்க இப்படித்தான் பாப்பாங்க. ஒரு கால்ல இது, ஒரு கால்ல அது. ரெண்டையும் ஒரே நேரத்துல கேட்டா கால் பொய் சொல்லாது. ஆனா அஞ்சு நிமிஷம்தான், அதுவும் மெஷின் மேல. நீங்க வெளிய போட்டுக்கிட்டுக் கெளம்பிடாதீங்க. ரெண்டுக்கும் உயரம் வேற."

ஆர்லிஸ் இரண்டு ஜோடியையும் வாங்கினாள். வீட்டுக்குள்ளேயே போட்டுப் பார்த்துவிட்டு, அடி அழுக்காகாமல் கொண்டுவந்தால் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். 'உள்ளே' என்றால் என்ன என்று அவள் இரவு சாப்பாட்டின்போது யோசித்தாள். மாலுக்குக் கூரை இருக்கிறது. கூரை இருந்தால் அது உள்ளேதான். அஞ்சு நிமிஷத்தில் என்ன தெரியும்? சமையல்காரிக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்து முடிவு கட்டுகிற பழக்கமில்லை. அவளுக்கு முழுக் கரண்டி வேண்டும். மனதின் அடியில் வேறொரு ஆசையும் கிடந்தது. நாலு சுற்று நடந்தால் வெள்ளை ஜெயித்துவிடும்.

மறுநாள் காலை, நோகும் இடது காலில் நீலம், வலது காலில் வெள்ளை. இரண்டு சுற்று இப்படி, அப்புறம் மாற்றிப் போட்டு இரண்டு சுற்று. முதல் சுற்றில் குதிகால் மூச்சுக்கூட விடவில்லை. நீலத்தின் புண்ணியம். ஆர்லிஸுக்கு எரிச்சலாக வந்தது. வலது பக்கம் மட்டும் விரல்கடை உயரமாகி, இடுப்பு ஒரு தினுசாக இழுத்தது. அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

இரண்டாவது சுற்றில் வெர்னா வந்து சேர்ந்தாள். பக்கத்தில் வந்து, வேகத்தைக் குறைத்து, ஆர்லிஸின் கால்களைக் குனிந்து பார்த்தாள். ஒரு பார்வை இடதுக்கு, ஒரு பார்வை வலதுக்கு.

"அது ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். வெர்னா சொன்னால் அது ஊசி. ஆர்லிஸ் கழுத்து சிவக்க வேகத்தைக் கூட்டினாள். பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேருமிடத்தில் தரை லேசாக ஏறும். அங்கே வெள்ளை ஷூவின் தடித்த மூக்கு தரையில் தட்டியது. தொட்டில் ஷூ தன் பங்குக்கு உருட்டிவிட்டது. ஆர்லிஸ் முழங்கால் அடிபட, வளையல் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

வெர்னா வந்து நின்றாள். "அடடா. கை குடுக்கட்டுமா?"

"வேண்டாம் வேண்டாம். நல்லாத்தான் இருக்கேன்."

"நெஜமாவா? புடிச்சுக்கோயேன்."

"சேச்சே, உனக்கெதுக்கு சிரமம்."

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. முதல் தடவை நீட்டியதும் வாங்கினால் பேராசைக்காரி என்பார்கள். இரண்டாவது தடவை வாங்கினாலும் கொஞ்சம் அவசரம்தான். மூன்றாவது தடவை நீட்டும்போது, 'உன் மனசு நோகக் கூடாதே' என்கிற முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். கேக் துண்டிலிருந்து கார் சவாரி வரைக்கும் இதுதான் சட்டம். ஆகவே ஆர்லிஸ் தரையில் உட்கார்ந்தபடி மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தாள்.

வெர்னா, தான் நீட்டிய கையைப் பார்த்தாள். ஆர்லிஸைப் பார்த்தாள். கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சரி அப்போ" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள்.

பாவி. ஆர்லிஸ் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கர்ட் கூப்பிட்டான். வெர்னா முந்திக்கொண்டிருந்தாள் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, கால் தடுமாறி விழுந்துட்டியாமே? அத்தை ரொம்பக் கவலைப்படறாங்க."

"கால் ஒண்ணும் தடுமாறல. காலுக்கு ஒண்ணுமே இல்ல."

"பின்ன எப்படி விழுந்த?"

ஆர்லிஸ் உண்மையைச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே உறைத்தது.

"அம்மா," என்றான் கர்ட், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "ரெண்டு கால்லயும் வேற வேற ஷூவப் போட்டுக்கிட்டா வெளிய போன?"

"தெரிஞ்சுதான்டா போட்டேன். ஓடறவங்க அப்படித்தான் பாப்பாங்க. வேணும்னா கடைக்காரியக் கேளு."

"கடைக்காரி விக்கறதுக்கு எதையும் சொல்லுவா. நீ அப்பா செத்தன்னிக்குச் சொன்னது ஞாபகம் இருக்கா? நடையோ புத்தியோ..."

"ஞாபகம் இருக்கு. அதுவே புத்தி இருக்கறதுக்குச் சாட்சி."

"சனிக்கிழமை வரேன். எல்லாத்தையும் எடுத்துக்கட்டலாம். வீட்டக் கேட்டு ஒரு பில்டர் காத்துக்கிட்டிருக்கார். இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டப் போறார், நல்ல வெல."

போனை வைத்த பிறகு ஆர்லிஸ் மாடிப்படியில் உட்கார்ந்தாள். கால் தடுமாறியது என்றால் நடை போச்சு. இல்லை என்றால் புத்தி போச்சு. எந்தப் பக்கம் போனாலும் பாதாம் பால். அவனை நம்ப வைக்கக்கூடியது ஒரே ஒருத்தியின் வார்த்தை. அந்த ஒருத்தி வெர்னா.

திங்கள் காலை மாலின் காபி மேஜைகளில் ஒன்றில் வெர்னா தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆர்லிஸ் பனிக்கால பூட்ஸோடு, கையில் ஒரு பையோடு போய் எதிரே உட்கார்ந்தாள்.

"வெர்னா, நான் தெரிஞ்சுதான் மாத்திப் போட்டேன்னு கர்ட்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

"அம்மாவுக்கும் புள்ளைக்கும் நடுவுல நான் எதுக்கு வரணும்?"

"நீ சொன்னா கேப்பான்."

"ஐயோ, சொல்றதுக்கு நான் யாரு?"

இரண்டு தடவை ஆயிற்று. ஆர்லிஸ் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மூணாவது தடவை கேக்கலையே நீ" என்றாள் வெர்னா, காபியைக் கலக்கியபடி.

"நீ மூணாவது தடவை கை நீட்டினியா?"

"ரெண்டாவது தடவையே புடிச்சிருக்கலாமே. தரையில உக்காந்துக்கிட்டு என்ன பவுசு?"

ஆர்லிஸ் பையை மேஜை மேல் பொத்தென்று போட்டாள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். எங்கள் ஊரில் பையைப் போடுவதே பெரிய ரகளை.

"உனக்கு அந்த வீடு வேணும். நாப்பது வருஷமா அலமாரியத் தொறந்து தொறந்து மூடறதுக்குப் பதிலா, வாயத் தொறந்து சொல்லித் தொலைச்சிருக்கலாம் இல்ல?"

வெர்னாவின் கரண்டி நின்றது. "ஆமா, வேணும். வடக்கு ரூம்ல பொறந்தேன். எங்கம்மா செத்ததும் அங்கதான். நேத்து வந்தவ நீ, அதுக்கு மஞ்சப் பெயின்ட் அடிச்ச."

"உனக்குக் கெடைக்காது. நான் போனாலும் கெடைக்காது. கர்ட் அத இடிக்கறவனுக்கு விக்கப் போறான்."

"பொய்."

"அவனையே கேளு."

வெர்னாவின் முகம் வெளுத்தது. ஞாயிறு தவறாமல் போன் பண்ணியவளிடம், "பாத்துக்கலாம் அத்தை" என்று மட்டுமே அவன் சொல்லி வந்திருந்தான். அந்தப் பேச்சை அவள் தனக்கு வேண்டியபடி புரிந்துகொண்டிருந்தாள். அவள் போனை எடுத்து, ஆர்லிஸுக்கும் கேட்கிற மாதிரி நடுவில் வைத்தாள்.

"கர்ட், அத்தை பேசறேன். உங்கம்மா விழுந்தது கால் தடுமாறி இல்ல, திமிர் தடுமாறி. நான் ஒரு வார்த்தை சொன்னேன்னு ரோஷப்பட்டு ஓடினா. ஷூவ மாத்திப் போட்டதும் தெரிஞ்சேதான்."

"அத்தை, நீங்க அம்மாவக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்க."

"நானா? இவளையா?" வெர்னாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. முதல் தடவையாக அவள் குரல் காபிக்கடை முழுக்கக் கேட்டது. "டேய், எனக்கு இவளக் கண்டாலே ஆகாது. எங்க தம்பியக் கட்டின நாள்லேருந்து ஆகாது. இவளுக்குப் புத்தி கெட்டிருந்தா மொதல்ல சந்தோஷப்படற ஆள் நான்தான். விடிஞ்சதும் உனக்குப் போன் பண்ணியிருப்பேன். கெடல. என் கெட்ட நேரம், கல்லு மாதிரி தெளிவா இருக்கா. நீ வந்து ஒண்ணும் கட்ட வேண்டாம்."

கடைக்காரியை நம்பாமல் இருக்கலாம், அம்மாவை நம்பாமல் இருக்கலாம். இவ்வளவு பகையை எப்படி நம்பாமல் இருப்பது? "சரி அத்தை, டிக்கெட்ட ரத்து பண்ணிடறேன்" என்றான் கர்ட்.

வெர்னா போனைப் பைக்குள் வைத்தாள். "ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

ஆர்லிஸ் குனிந்து பூட்ஸைக் கழற்றி, பையிலிருந்து நீல ஷூவை எடுத்து இரண்டு காலிலும் போட்டுக்கொண்டாள். வெள்ளை ஜோடி காரில், திருப்பிக் கொடுப்பதற்காகக் கிடந்தது. ஜினா அதன் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன சொல்வாளோ தெரியாது. மேஜைக்கு அடியில் இப்போது நாலு நீலக் கால்கள்.

வெர்னா பார்த்தாள். "அது ஒரு மாதிரியா இருக்கு."

"ஆமா. குதிகாலுக்குத்தான் புடிச்சிருக்கு. எனக்குப் புடிக்கல."

இரண்டு பேரும் எழுந்தார்கள். வெர்னா சொன்ன அந்த மஞ்சள் பெயின்ட் ஆர்லிஸை விடவில்லை.

"ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாயேன்" என்றாள். "வடக்கு ரூமப் பாத்துட்டுப் போ."

"வேண்டாம் வேண்டாம். அதெல்லாம் எதுக்கு."

"காபி போடறேன், வா."

"சேச்சே, உனக்கெதுக்கு சிரமம்" என்று சொல்லிவிட்டு வெர்னா நின்றாள். பையின் வாரைச் சரி செய்தாள். தொப்பியைச் சரி செய்தாள். போகவில்லை.

ஆர்லிஸ் அவளைப் பார்த்தாள். வளையல் கடை வாசல் ஞாபகம் வந்தது, முழங்காலில் இன்னும் ஆறாத நீலக் கன்றலும்.

"சரி அப்போ" என்றாள். சொல்லிவிட்டு, வெர்னாவைத் தாண்டி முதல் சுற்றைத் தொடங்கினாள்.