பஸ்ஸில் வெட்டிய கம்யூனிட்டி

இன்று தக்கலையிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் வரும்போது ஆபீஸிலிருந்து ஜெபா கூப்பிட்டாள். அங்கே ரவுட்டர் மாற்றியதில் தோவாளைப் பக்கம் இன்டர்நெட் நின்றுபோயிருந்தது.

நெட்வொர்க் பாதைகளில் நாங்கள் ஒட்டும் குறிகளுக்குக் ‘கம்யூனிட்டி’ என்று பெயர். எத்தனை ஒட்டலாம் என்பது ரவுட்டர் மென்பொருளைப் பொறுத்து மாறும்.

“புது ரவுட்டர் ஒட்டுகது எல்லாத்தையும் தோவாளையில உள்ள பழசு தாங்காது மக்கா. கம்யூனிட்டி கூடிப்போச்சு. நமக்கு வேண்டாதத வெட்டி விடு” என்றேன்.

பக்கத்து சீட் அக்கா முறைத்தார். “எந்தக் கம்யூனிட்டிய வெட்டச் சொல்லுத?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வியர்க்க வியர்க்க விளக்கினேன். அதற்குள் நெட் வந்துவிட்டதாக ஜெபா சொன்னாள்.

அக்கா தலையாட்டினார். “அது செரி. நீ எந்தக் கம்யூனிட்டி மக்கா?”

என் ஸ்டாப் வரவில்லை. இருந்தாலும் இறங்கிவிட்டேன். நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?