பதுளை ஆலைக்காரர் வீட்டின் சந்துப் பக்கத் துவாரம்

பதுளையில் பழைய அரிசி ஆலைக்காரர் வீடு ஒன்று இருக்கிறது. 1880களில் கட்டியது என்கிறார்கள். போன வாரம் வீட்டுக்காரர் முத்தையா போனில் பேசும்போது, திங்கட்கிழமை மேசன் வந்து சந்துப் பக்கத் துவாரத்தை அடைக்கப் போகிறார் என்றார். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவின் தாத்தா ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து நடந்து வந்து அந்தத் துவாரம் வழியாகத்தான் குருணை அரிசி வாங்கினார். திங்கள் காலையிலேயே அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பண்டாரவளையிலிருந்து ஏழு மணி பஸ் பிடிப்பதாகத் திட்டம். வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவதா என்று அம்மா காய்கறிக் கடையில் லீக்ஸ் வாங்க நின்றதில் அது போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். பதுளையில் இறங்கி ஓட்டோக்காரரை நான் விரட்டிய விரட்டில் அவர் திரும்பிப் பார்த்து, "இவ்வளவு அவசரம்னா நேத்தே வந்திருக்கணுங்க" என்றார். முந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில் சீமெந்து குழைத்து வைத்திருந்தது. நான் முன்படி ஏறித் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். லீக்ஸ் கட்டோடு சந்துப் பக்கம் போய்ச் சுவரோரம் நிற்கிறார்! இந்த ஊருக்கே வராதவர். யாரும் வழி சொல்லவில்லை. முத்தையா பதறி ஓடி, "முன்னால வாங்கம்மா" என்று அழைத்து வந்தார்.

வீடும் ஆலையும் ஒரே கூரைக்குக் கீழே. நெல் அவிக்கும் ஆவி போகக் கூரையை உயர்த்தி, பலா மரத் தூண்கள் கொடுத்திருக்கிறார்கள். பின்னால் சக்கரத்துக்குத் தண்ணீர் வந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. நெல் வண்டிக்காரர்கள் முன்வாசலில் ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். லயத்தில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சந்துதான். உள்ளேயிருந்து துவாரத்தின் கல் சரிவில் குருணையைக் கொட்டுவார்கள், வெளியே சாக்கைப் பிடிக்க வேண்டும்.

துவாரம் இருக்கும் அந்த அறையை முத்தையா விருந்தினர் அறையாக்குகிறார். துவாரத்தைப் பற்றிக் கேட்பவர்களிடம் காற்றுக்கு வைத்தது என்று சொல்லி வந்தாராம். எனக்கு வந்ததே கோபம்! அடைத்தால் நடந்ததே இல்லை என்றாகிவிடும், கண்ணாடி போட்டு அப்படியே வையுங்கள் என்று சண்டை பிடித்தேன். அவர் என்னை விட்டுவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. வைக்கணும்னா வைக்கிறேன்."

அம்மா துவாரத்தருகே போனார். சந்தைவிட வீட்டுத் தளம் உயரம். வெளியே மார்பளவில் இருக்கும் துவாரம் உள்ளே முழங்காலுக்குத்தான் வருகிறது. அம்மா நின்றபடி பார்த்தார், பிறகு குனிந்து பார்த்தார்.

"இங்கேருந்து பாத்தா சாக்கும் கையும்தான் தெரியும். ஆளு மொகமே தெரியாது" என்றார். நிமிர்ந்து முத்தையா பக்கம் திரும்பினார். "அடைச்சிருங்க தம்பி. நான் உள்ள நிக்கிறப்பவே அடைங்க."

முத்தையா நாற்காலி கொண்டுவந்தார். அம்மா உட்காரவில்லை. நான் படம் எடுக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

இந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. மத்தியானத்துக்குமேல் மழை வரும், காலையிலேயே போய்விடுங்கள். சந்தில் துவாரத்தைத் தேட வேண்டாம், வெள்ளையடித்த சுவர்தான் இருக்கும். அதை அடைத்ததில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் மேசன் கடைசிக் கல்லை வைத்தபோது அம்மா வீட்டுக்கு உள்ளே நின்றார்.